மாதம் பிறந்தால் சைபர்

கமுதி
31-05-2024

உமாமகேஸ்வரி அக்காவுக்கு மாரிச்செல்வம் எழுதுவது.

நலம். உங்கள் நலமும் மச்சான் நலமும் அறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

ஒரு மாதம் உங்களுக்கு, ஒரு மாதம் எனக்கு என்ற கணக்கில் மே மாதம் என் முறை முடிந்தது. டிரக்கைக் கடலாடியில், நமக்குப் பஞ்சாயத்துப் பேசிய மலையாண்டி அண்ணன் கொட்டகையில் நிறுத்தி, ஒப்பந்தத் தாளில் உள்ளபடி பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றிச் சாவியோடு அவர் கையில் கொடுத்துவிட்டேன். கடிதம் வழக்கம்போல ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில். போனில் பேசினால் சண்டை, நேரில் பேசினால் ஊர் கூடுகிறது, அதனால் அக்காவும் தம்பியும் எதையும் எழுதித்தான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அண்ணன் போட்ட விதியை நான் மீறவில்லை.

இந்த முறை ஒரு பெரிய வேலை பார்த்திருக்கிறேன். அய்யாவின் டிரக்கில் அறுபத்தெட்டாம் வருடத்திலிருந்து இருந்த கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் போட்டிருக்கிறது. ராமநாதபுரத்தில் சஃபீர் பட்டறையில் பதினொரு நாள் கிடந்தது. கோயம்புத்தூரிலிருந்து கிட் வரவழைத்துப் போட்டார். சஃபீருக்கும் இதுதான் முதல் வண்டி, அவரும் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மாட்டினார்.

இனிமேல் இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்ய சோக் கிடையாது. அது இருந்த ஓட்டையை ரப்பர் போட்டு அடைத்திருக்கிறேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டாம். சாவியைத் திருப்பினால் பின்னால் டாங்கிலிருந்து உய்ங் என்று ஒரு சத்தம் வரும், அது பம்ப். சத்தம் நின்றதும் ஸ்டார்ட் செய்யலாம். டாங்கில் கால் பங்குக்குக் கீழே பெட்ரோலை விடக் கூடாது, பம்ப் சூடாகிவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் கருப்புப் பெட்டிதான் மூளை. சைலன்சரில் ஒரு சென்சார் திருகியிருக்கிறது, புகையை மோப்பம் பிடித்து அந்த மூளைக்குச் சொல்லும். ஓட்ட ஓட்ட, எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று அது தானே கற்றுக்கொள்ளும். எவ்வளவு கற்றது என்று சின்னத் திரையில் நூற்றுக்கு இத்தனை என்று நம்பர் வரும். நான் விடும்போது தொண்ணூற்று இரண்டு.

காரணம் வேறொன்றும் இல்லை. கமுதி வெயிலில் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து, மிளகாய் மூட்டையோடு நடுரோட்டில் நிற்க என்னால் முடியவில்லை.

இப்படிக்கு
மாரிச்செல்வம்

சாயல்குடி
30-06-2024

தம்பி மாரிச்செல்வத்துக்கு உமாமகேஸ்வரி எழுதிக்கொண்டது.

இங்கு நான் சுகம். உன் மச்சான் சுகம். அக்காவை 'நீங்கள்' என்று எழுதும் அளவுக்குப் பெரிய மனுஷனாகிவிட்ட உன் சுகத்துக்கும் குறைவிருக்காது.

உன் கடிதத்தைக் கொட்டகையிலேயே வைத்து இரண்டு முறை படித்தேன். மூளை, மோப்பம் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறாய். வண்டிக்கு இன்ஜெக்‌ஷன் போட்டாயா, இல்லை நாய் வளர்க்கிறாயா என்று புரியவில்லை. சரி, சொன்னபடி செய்வோம் என்று அண்ணனிடம் வயரை வாங்கி மாட்டிச் சாவியைத் திருப்பினேன். உய்ங் சத்தம் வந்தது. ஸ்டார்ட் செய்தேன். டிரக் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. நாலாவது தடவை பிடித்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் கொட்டகை முழுக்கக் கரும்புகை. அண்ணன் வீட்டுக் கோழிகள் எல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டன.

திரையில் சைபர் என்று இருந்தது. தொண்ணூற்று இரண்டு என்று எழுதியிருந்தாயே, அது உன் கனவில் வந்த மார்க்கா? பத்தாம் வகுப்பிலும் நீ இப்படித்தான் வீட்டில் ஒன்று சொன்னாய், தாளில் ஒன்று இருந்தது.

பழக்க தோஷம், கை சோக்கைத் தேடிப் போய் உன் ரப்பர் அடைப்பானைப் பிடுங்கிவிட்டது. அது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அந்த ஓட்டை வழியாக என்ஜின் சூடு முழங்காலில் அடிக்கிறது. ஒரு துணியைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

முதல் வாரம் மாரியூருக்கும் வாலிநோக்கத்துக்கும் கருவாடு எடுக்கப் போகும்போதெல்லாம் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது. வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். பிறகு என்ன நடந்தது என்று தெரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிட்டது. கடைசிப் பத்து நாள் சாவியைத் தொட்டதும் பிடிக்கிறது, புகையே இல்லை. உச்சி வெயிலில்கூட நிற்கவில்லை. நான் திட்டியதில் திருந்தியது என்று நினைக்கிறேன். திரையில் இப்போது தொண்ணூற்று நாலு. உன்னைவிட இரண்டு அதிகம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏதோ ஓடிக்கொண்டிருந்த வண்டியை என்னைக் கேட்காமல் ஏன் பிரித்தாய்? பாதி வண்டி என்னுடையது. ஓடாத நிலையில் மூன்று முறை கைமாறினால் விற்றுப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. நீ கொடுத்தது ஓடாத நிலை என்று அண்ணன் நோட்டில் குறித்துக்கொண்டார். கோழிகள் சாட்சி. நான் குறிக்கச் சொல்லவில்லை.

வயரையும் சாவியையும் கொடுத்துவிட்டேன்.

உமாமகேஸ்வரி

கமுதி
31-07-2024

உமாமகேஸ்வரி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வண்டியும் கிடைத்தது. வண்டியில் கருவாட்டு வாசனையும் கிடைத்தது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் மிளகாய் வியாபாரி மூட்டையை முகர்ந்து பார்த்து என் முகத்தைப் பார்க்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புகையே இல்லை, சாவியைத் தொட்டதும் பிடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பித்தான் கடலாடிக்கு பஸ் ஏறினேன். வயரை மாட்டி ஸ்டார்ட் செய்தால் அதே இருமல், அதே புகை. திரையில் சைபர். தொண்ணூற்று நாலு எங்கே? எந்தப் பொத்தானை அமுக்கினீர்கள்? யாராவது மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தீர்களா? திறந்திருந்தால் சொல்லிவிடுங்கள், ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முதுகுளத்தூரைத் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. அப்படியே சஃபீரிடம் கொண்டுபோனேன். கடல் காற்றில் சென்சார் துருப்பிடித்திருக்கும் என்றார், கழற்றிப் பார்த்தால் துரு இல்லை. சைலன்சர் மூட்டில் காற்று புகுந்தால் மூளை ஏமாந்துபோய் பெட்ரோலை அள்ளி ஊற்றும் என்றார், அங்கேயும் ஓட்டை இல்லை. "கார்ப்ரேட்டர்னா ஸ்க்ரூவத் திருகி காதுல கேட்டுச் சொல்லிருவேண்ணே, இது நம்மகிட்ட வாயத் தொறக்க மாட்டேங்குது" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஒன்றும் செய்யாமலேயே பத்து நாளில் சரியாகிவிட்டது. இதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. காரணம் தெரியாமல் கெட்டது, காரணம் தெரியாமல் நன்றாகிவிட்டது. இன்று தொண்ணூற்று மூன்றில் விட்டிருக்கிறேன். திரையைப் போட்டோ எடுத்து, கடலாடி ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இனி என் கனவு என்று சொல்ல முடியாது.

ஓட்டைக்குப் புது ரப்பர் போட்டாயிற்று. அதைப் பிடுங்க வேண்டாம். நீங்கள் கொடுத்ததும் ஓடாத நிலைதான் என்று அண்ணன் இரண்டாவது கோடு போட்டுவிட்டார். நானும் போடச் சொல்லவில்லை.

இப்படிக்கு
மாரிச்செல்வம்

சாயல்குடி
31-08-2024

தம்பி மாரிச்செல்வத்துக்கு,

உன் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வயரை மாட்டினேன். போட்டோவில் தொண்ணூற்று மூன்று, திரையில் சைபர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அண்ணனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ரெண்டுமே சரியாத்தான் இருக்கு" என்றார். இப்படி ஒரு தீர்ப்பு எந்தப் பஞ்சாயத்திலும் கிடைக்காது.

நான் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. பெட்டியைத் திறக்கவில்லை. திரையில் ஒரு பொட்டு விபூதி வைத்தேன், அவ்வளவுதான். விபூதி வைத்தால் மார்க் போகுமா?

மூன்று கோடும் விழுந்துவிட்டது, செல்வம். பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கும் மதுரைக்காரர் ஒருவருக்கு அண்ணன் சொல்லி வைத்திருக்கிறார். நவம்பர் முதல் வாரம் வந்து பார்க்கிறாராம். நிலத்தைப் பிரித்தோம், வீட்டைப் பிரித்தோம். பிரிக்க முடியாமல் நின்றது இந்த ஒரு டிரக். அது போய்விட்டால் உனக்கு நான் கடிதம் எழுதக்கூடக் காரணம் இருக்காது. அதற்காகத்தான் இந்த இன்ஜெக்‌ஷன் வேலையா என்று எனக்குச் சந்தேகம். நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். உனக்கு விற்க வேண்டுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாகக் குழம்பிவிட்டு எழுதுகிறேன். வாலிநோக்கத்தில் எனக்குக் கருவாடு போடுகிற ஹமீதா பானுவைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் சொன்னாள். ஏப்ரலில் மாரியூர் ரோட்டில் வண்டி நின்று, நான் பானட்டைத் திறந்து சூடு தணிய பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வெயிலில் கிடந்தேனே, அன்றைக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பனைகளுக்கு நடுவில் நீ பைக்கோடு நின்றாயாம். "ஒங்க தம்பிதானக்கா, ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு, அப்புறம் திரும்பிப் போயிட்டாரு" என்றாள்.

அவள் வேறு யாரையோ பார்த்திருப்பாள் என்று சொல்லிவிட்டேன். உன் மச்சானுக்கு ஸ்டியரிங் பிடிக்க வராது, நான் தனியாகத்தான் போகிறேன், உனக்குத் தெரியும். தெரிந்தும் அக்கா வெயிலில் கிடப்பதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறவனா என் தம்பி என்று நினைக்கும்போது சாப்பாடு இறங்கவில்லை. அது நீ இல்லை என்று ஒரு வரி எழுது.

ஆகஸ்டு கடைசியில் வண்டி மறுபடியும் அருமையாக ஓடுகிறது. அதுவும் ஏன் என்று தெரியவில்லை.

உமாமகேஸ்வரி

கமுதி
30-09-2024

அக்காவுக்கு,

அது நான்தான்.

மாரியூர் கோயிலுக்கு வந்தேன். திரும்பும்போது தூரத்திலேயே டிரக் தெரிந்தது. நீங்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு துணியை நனைத்து நனைத்துச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒரு தடவை கை சுட்டு உதறினீர்கள். இறங்கி வர நினைத்தேன். இரண்டு தடவை பைக் ஸ்டாண்டைப் போட்டேன், எடுத்தேன். போன தை மாதம் நான் செய்தது தப்புதான். என் முறை முடிந்தும் சொல்லாமல் இரண்டு நாள் வண்டியை வைத்துக்கொண்டு விருதுநகருக்கு மிளகாய் ஏற்றிப் போனேன். உங்கள் முறை பிறந்த அன்று கொட்டகை காலியாக இருந்தது. ஆனால் திரும்பி வந்தபோது நாலு பேர் முன்னால் என்னைக் களவாணி என்று சொன்னீர்கள். உங்கள் முறையில், உங்கள் வண்டியின் பானட்டுக்குள் நான் கையை விட்டால் அந்த வார்த்தை மறுபடியும் வருமோ என்று கால் வரவில்லை. அது கோழைத்தனம். வீட்டுக்குப் போகவில்லை. நேராக ராமநாதபுரம் போய் சஃபீரிடம், வெயிலில் நிற்காத மாதிரி இந்த வண்டியை என்ன செய்யலாம் என்று கேட்டேன். என் மிளகாய்க்காக என்று எழுதியது பொய்.

இனி இரண்டாவது விஷயம். சைபர் ஏன் வருகிறது என்று கண்டுபிடித்தாயிற்று. போன வாரம் சஃபீர் கிட் விற்றவரிடம் போனில் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாட்டரி வயரக் கழட்டுனீங்களாண்ணே?"

"மாசா மாசம்" என்றேன்.

"அப்ப மாசா மாசம் அது படிச்ச எல்லாத்தையும் மறந்துரும்ணே" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. விலை குறைந்த கிட், கரண்ட் போனால் நினைவு போய்விடும். கழற்றாமல் விட்டால் ஓட ஓட இன்னும் நன்றாக ஆகும். நாம் முப்பது நாள் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசி நாள் நம் கையாலேயே அழித்துக் கொடுத்திருக்கிறோம். நீ நல்லபடியாகத்தான் விட்டாய், நானும் நல்லபடியாகத்தான் விட்டேன். வாங்கும்போது மட்டும் இரண்டு பேருக்கும் சைபர். மூன்று மாதம் நான் உன்னைச் சந்தேகப்பட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வண்டி ஓடாத நிலை எப்படி வருகிறது என்று அண்ணனிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோடு கோடுதான் என்கிறார்.

எனக்குத் தெரிந்து இரண்டு வழி. பழைய கார்புரேட்டரைத் துணியில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், அதையே திரும்ப மாட்டிவிடலாம். மாட்டினால் நீ மறுபடியும் ஈரத்துணி சுற்ற வேண்டும். இல்லையென்றால் மதுரைக்காரருக்கு விற்றுவிடலாம். எனக்கு விற்க இஷ்டம் இல்லை. நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன்.

மூன்றாவது வழியும் எனக்குத் தெரியும். அதை நான் கேட்க மாட்டேன். வயரைக் கழற்ற வேண்டும் என்ற விதியைத் தாளில் எழுதச் சொன்னது யார் என்று உனக்கு நினைவிருக்கும். நான்தான். களவாணி புழங்கும் வண்டி, பூட்டிச் சாவியை அடுத்தவர் கையில் கொடுங்கள் என்று ஆத்திரத்தில் கேட்டு வாங்கினேன். இன்று நானே போய் வயரைக் கழற்ற வேண்டாம் என்றால், மறுபடியும் எடுத்துக்கொண்டு ஓட வழி பார்க்கிறான் என்று ஆகும். அதனால் இந்த முறையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன். கழற்றும்போது திரையில் தொண்ணூற்று ஐந்து இருந்தது.

என்ன செய்யலாம் என்று நீயே எழுது.

செல்வம்

சாயல்குடி
30-10-2024

என் தம்பி செல்வத்துக்கு அக்கா எழுதுவது.

நாளைக்குத் தீபாவளி, அதனால் வண்டியை ஒரு நாள் முன்னாலேயே விடுகிறேன். பெட்டியில் கடிதத்துக்குக் கீழே அதிரசம் இருக்கிறது. கருவாட்டு வாசனை ஒட்டாமல் இருக்க மூன்று கவர் போட்டிருக்கிறேன், ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு எது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஏப்ரலில் நீ ஏன் வரவில்லை என்பது புரிகிறது. புரிந்தும் வலிக்கிறது. நான் சொன்ன ஒரு வார்த்தையால் என் தம்பி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். அன்றைக்கு என் கை சுட்டது எனக்கே மறந்துவிட்டது, நீ எழுதித்தான் நினைவு வந்தது.

அக்டோபர் ஒன்றாம் தேதி மறுபடியும் சைபர், மறுபடியும் இருமல். இந்த முறை நான் திட்டவில்லை. எல்லாம் மறந்துபோன ஆளுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்லிக் கொடுப்பது மாதிரி, அவசரப்படாமல் ஓட்டினேன். மாதம் முழுக்க யோசித்தேன். ஒவ்வொரு நாளும் நம்பர் ஏற ஏற, முப்பதாம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டேன். திரை நம்பர், சென்சார், மோப்பம், இதெல்லாம் எனக்கு இன்னும் புரியவில்லை. இனி புரியப்போவதும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

இன்று காலை கடலாடிக்கு வந்தேன். அன்றைக்கு நான் உன்னைக் களவாணி என்று சொன்னதைக் கேட்டவர்கள் நாலு பேர். மலையாண்டி அண்ணன், அண்ணி, எதிர்வீட்டுச் செல்லச்சாமி, டீக்கடைக் காளிதாஸ். தீபாவளி வேலையில் இருந்தவர்களை விடவில்லை, நாலு பேரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டு நிறுத்தினேன். என் தம்பியை நான் சொன்ன வார்த்தை தப்பு, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏத்தா, எதுனாலும் எழுதித்தான் சொல்லணும்னு விதி இருக்குல்ல" என்றார்.

"வாயால சொன்னதண்ணே, வாயாலதான் எடுக்கணும்" என்றேன்.

பிறகு ஒப்பந்தத் தாளைக் கேட்டேன். வயர் விதியை என் கையால் அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறது. மூன்று கோடுகளை அடிக்க அண்ணன் ஒப்பவில்லை. "கோடு கோடுதான்" என்றே சொன்னார். சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் நோட்டிலிருந்து கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மதுரைக்காரருக்கு வர வேண்டாம் என்று என் எதிரிலேயே போன் போட்டார்.

கார்புரேட்டர் சீட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை, கிடக்கட்டும்.

ஸ்பேனரை எடுக்கவில்லை. வயர் பாட்டரியில் இருக்கிறது. சாவி வண்டியில் இருக்கிறது. ரப்பர் அடைப்பானும் இருக்கிறது. நான் இறங்கும்போது திரையில் தொண்ணூற்று ஆறு. நீ ஏறும்போதும் தொண்ணூற்று ஆறுதான் இருக்க வேண்டும். அப்படி இல்லை என்றால் எழுதிக்கொண்டிருக்காதே, போன் போட்டுத் திட்டு. இருந்தாலும் போடு. என் நம்பர் மாறவில்லை.

உன் அக்கா